பேயும் இல்லை, வேட்டையும் இல்லை

கானாடுகாத்தான் பக்கம் தன் பூர்வீக வீட்டைச் சுற்றுலாப் பயணிகள் தங்க விட்டிருக்கும் ஆச்சி ஒருவர், போன மாதம் ஒரு விளம்பரத் தாளை என் மேசையில் கொண்டுவந்து போட்டார். “தம்பி, வர்ற வெள்ளைக்காரங்க எல்லாம் பேய் எந்த ரூம்ல இருக்குன்னு கேக்குறாங்க. எங்க ஐயா கட்டுன வீடு. என்னதான் எழுதியிருக்குன்னு பாருங்க.”

வீட்டை ‘ஹாண்டிங்’ (haunting), அதாவது மனதை விட்டு அகலாத அழகு என்று புகழ நினைத்தவர் ‘ஹாண்டட்’ (haunted) என்று போட்டுவிட்டார். ஹாண்டட் ஹவுஸ் என்றால் பேய் வீடு. 2,000 தாள் அச்சாகி, பாதி ஊர் ஊராகப் போயும்விட்டது.

காரைக்குடியில் மொழிபெயர்ப்பும் ஆங்கிலத் திருத்தமும் செய்து பிழைக்கிற எனக்கு, இந்தச் சொல்லில் இடறி விழுந்தவர்கள் புதிதல்ல. சிலர் ஓர் எழுத்தை விட்டு ‘ஹண்டிங்’ (hunting) என்று எழுதிவிடுவார்கள். மனதை உருக்கும் பாட்டு அங்கே வேட்டையாடும் பாட்டாகிவிடும். கம்ப்யூட்டரும் சிவப்புக் கோடு போடாது, ஏனென்றால் அதுவும் சரியான சொல்தானே.

இந்தச் சொல்லின் வேரான ‘ஹாண்ட்’ (haunt) பழைய பிரெஞ்சிலிருந்து 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. அப்போது அதில் பேய் இல்லை. ஓரிடத்துக்கு அடிக்கடி போய்வருவது, அவ்வளவுதான் பொருள். ஆவி வந்து நடமாடுவதைச் சொல்ல அது பயன்பட்டது ஷேக்ஸ்பியர் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில். பழைய பொருளும் இன்னும் சாகவில்லை. நீங்கள் தினமும் போய் உட்காரும் டீக்கடையை உங்கள் ‘ஹாண்ட்’ என்று சொன்னால் யாரும் பயப்பட மாட்டார்கள்.

ஆக, திரும்பத் திரும்ப வருவதுதான் இந்தச் சொல்லின் உயிர். ஒரு முகம், ஒரு குரல், ஓர் இடம் பார்த்து முடிந்த பிறகும் மனதுக்குள் வந்துகொண்டே இருந்தால் அது ஹாண்டிங். அதில் கொஞ்சம் துயரம் இருக்க வேண்டும், லேசான அச்சமும் இருக்கலாம். பங்காளிகள் வெளியூரிலும் வெளிநாட்டிலுமாக இருக்க, கல்யாணத்துக்கும் முன்னோர்க்குப் படைக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கும் செட்டிநாட்டு வளவு வீட்டை நினைத்துப் பாருங்கள். மாலை வெயில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விழுகிறது. பர்மாத் தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ஆள் இல்லை. அந்த அழகுக்கு இந்தச் சொல் பொருந்தும். நேற்றுப் பெயின்ட் அடித்த கல்யாண மண்டபத்துக்குப் பொருந்தாது. மணப்பெண்ணுக்கு வேண்டவே வேண்டாம்.

இதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் உண்டு. ‘ஈரி’ (eerie) என்பதில் அச்சம்தான் தூக்கல், அழகு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ‘எதீரியல்’ (ethereal) என்றால் மண்ணில் கால் படாத மென்மை, அதில் பயமே கிடையாது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் விளம்பர வாசகங்களைத் தினமும் பார்க்கிறேன்.

தமிழில் இதற்கு என்ன எழுதுவது? ‘மனதை வருடும்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பாது. வருடல் இதமானது, இது இதமே இல்லை. நம்மிடம் ‘அணங்கு’ என்று ஒரு சொல் இருந்தது. வருத்தும் தெய்வமும் அதுதான், வருத்தும் அழகும் அதுதான். ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ என்று வள்ளுவர் தலைவனைத் தடுமாற வைப்பது 1081-ஆம் குறளில். ஆங்கிலச் சொல்லுக்கு இவ்வளவு பக்கத்தில் வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இன்றைக்கு விளம்பரத்தில் போட்டால் யாருக்கும் புரியாது. அதனால் நான் பெரும்பாலும் ‘மனசை விட்டு அகலாத’ என்றே எழுதிவிடுகிறேன்.

ஆச்சியிடமும் அதையே சொன்னேன். “வந்துட்டுப் போனாலும் மனசை விட்டுப் போகாத வீடுன்னு அர்த்தம் ஆச்சி. கடைசி ரெண்டு எழுத்தை மட்டும் மாத்துனாப் போதும்.”

“அப்பச் சரி,” என்றவர், வாசல் வரை போய்த் திரும்பினார். “மிச்சம் இருக்கிறதுல ஸ்டிக்கர் ஒட்டிரலாமா? பேய் கேட்டு வர்றவங்கதான் ரெண்டு நாள் கூடுதலாத் தங்குறாங்க, அதான் யோசனையா இருக்கு.”