ஐசி எண்ணைச் சொன்னால் நம்பிவிடுவீர்களா?

சிங்கப்பூரில் சிறு கடைகளுக்கும் டியூஷன் சென்டர்களுக்கும் தகவல் பாதுகாப்பு ஆலோசனை சொல்வது என் பிழைப்பு. போன வாரம் ஒரு சென்டரில் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கப் பழைய தாள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றைத் திருப்பினேன். ஒரு பக்கம் ஏழாம் வாய்ப்பாடு. மறுபக்கம் யாரோ ஒரு தாயின் ஐசி, அதாவது அடையாள அட்டையின் நகல்: முகம், முகவரி, கட்டைவிரல் ரேகை, எல்லாம்.

“தாளை வீணாக்க வேணாமேன்னுதான் அண்ணே” என்றார் உரிமையாளர்.

சட்டப்படி தேவை, அல்லது ஆளைத் துல்லியமாக உறுதிசெய்தே ஆகவேண்டும் என்ற நிலை இருந்தால் தவிர, நிறுவனங்கள் ஐசி எண்ணைக் கேட்பதோ நகலெடுப்பதோ கூடாது. 2019 செப்டம்பர் 1 முதல் இதுதான் விதி. கிளினிக், ஹோட்டல், கைப்பேசி இணைப்பு, சரி. வாய்ப்பாடு சொல்லித்தர எதற்கு?

என்னை அதிகம் நோகடிப்பது வேறு. மோசடிக்காரனின் போன் அழைப்பை நம்பிப் பணத்தைப் பறிகொடுத்துவிட்டு வருபவர்கள் சொல்லும் அதே வாக்கியம்: “என் ஐசி நம்பரைச் சரியாச் சொன்னாரே, அப்போ பேங்க்காரர்தானே?” இல்லை, அக்கா. அந்த எண் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, கிளினிக்கில் இருக்கிறது, என்றோ அதிர்ஷ்டக் குலுக்கலுக்கு எழுதிப்போட்ட சீட்டிலும் இருக்கிறது. அது உங்கள் பெயர் மாதிரி. தேக்கா மார்க்கெட்டில் ஒருவர் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பர்ஸை நீட்டுவீர்களா?

“கடைசி நாலைத்தானே கொடுத்தேன்” என்பார்கள் சிலர். ஐசி எண்ணில் முதலில் ஓர் எழுத்து, பிறகு ஏழு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து; அவர்கள் சொல்லும் நாலு, கடைசி மூன்று இலக்கமும் அந்த எழுத்தும். 1968-க்குப் பிறகு இங்கே பிறந்தவர்களின் ஏழு இலக்கங்கள் பெரும்பாலும் பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தில்தான் தொடங்கும். உங்கள் வயது தெரிந்தவனுக்குத் தெரியாதது நடுவில் இரண்டே இலக்கம், அதாவது நூறு வாய்ப்பு. கடைசி எழுத்து மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவதால், அந்த நூறும் ஒன்பது பத்தாகச் சுருங்கிவிடும். 2024 டிசம்பரில் அரசாங்கத்தின் நிறுவனப் பதிவுத் தளமான பிஸ்ஃபைலில் முழு எண்களே தெரிந்தபோது அரசாங்கமும் இதைத்தான் சொன்னது: எண் ரகசியமல்ல, அதைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். இன்னமும் ஐசி எண்ணையே பாஸ்வேர்டாக்கி ஆவணம் அனுப்பும் நிறுவனங்களை என்ன சொல்ல!

ரகசியமல்ல என்பதற்காக அட்டையைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அட்டையை அடகுபோல் வாங்கி வைத்துக்கொள்ளும் கவுன்டரில் “எந்தச் சட்டப்படி?” என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாஸின் கடவுச்சொல், ஓடிபி இரண்டும் யாருக்கும் கிடையாது. பெற்ற பிள்ளைக்கும்தான். சந்தேகம் வந்தால் போனை வைத்துவிட்டு மோசடி தடுப்பு உதவி எண்ணான 1799-ஐ அழையுங்கள். இரவானாலும் எடுப்பார்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பொறுமையாக, தமிழிலேயே சொல்லுங்கள். பணம் என்ற பேச்சை எடுத்தால் நானே அழைத்திருந்தாலும் வைத்துவிடச் சொல்லியிருக்கிறேன் அம்மாவிடம். போன மாதம் மளிகைக்கு எவ்வளவு அனுப்பட்டும் என்று கேட்டேன். வைத்துவிட்டார்.