கட்டுறு குழு: ‘சீகுரூப்’ என்னும் சொல்லுக்கு ஒரு விளக்கம்

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கர்னலின் உள்ளமைப்பைப் பற்றி, இலங்கை மலையகத்தின் ஹட்டனில் தமிழ் மொழிமூலம் கற்கும் மாணவர்களுக்காகக் குறிப்புகள் எழுதி வருகிறேன். சென்ற தவணையில் ஒரு மாணவியின் கொப்பியைத் திருத்தும்போது, ‘கட்டுப்பாட்டுக் குழு என்பது மற்றச் செயன்முறைகளைக் கட்டுப்படுத்தும் செயன்முறைகளின் குழு’ என்று எழுதியிருக்கக் கண்டேன். உண்மை அதற்கு நேர்மாறானது. அந்தக் குழுவுக்குள் இருக்கும் செயன்முறைகள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்தாம் கட்டுப்படுத்தப்படுகின்றன. பிழை அவளுடையதன்று, ‘சீகுரூப்’ என்பதற்கு நான் கொடுத்த கலைச்சொல்லுடையது. செயற்குழு செயற்படுத்தும், தேர்வுக்குழு தெரிவு செய்யும் என்று கேட்டுப் பழகிய காதுக்குக் கட்டுப்பாட்டுக் குழு கட்டுப்படுத்தும் குழுவாகவே படும்.

சீகுரூப் என்பது ‘கண்ட்ரோல் குரூப்’ என்பதன் சுருக்கம். ஓடிக்கொண்டிருக்கும் செயன்முறைகளை மரம்போலக் கிளைகளாக வகுத்து, நினைவகம், சிபியு நேரம் முதலிய வளங்களை அந்தக் கிளைகளின் வழியே அளந்து கொடுக்கும் கர்னல் பொறிமுறை அது. இதைக் கண்ணால் பார்ப்பது எளிது. ‘சிஸ்’ கோப்புறைக்குள், ‘எஃப்எஸ்’ என்பதன் கீழ் உள்ள ‘சீகுரூப்’ கோப்புறையில் முழு அதிகாரமுள்ள மூலப் பயனராக நுழைந்து, ‘எம்கேடிர்’ கட்டளையால் ஒரு புதிய கோப்புறையை உருவாக்கினால், நாம் எதையும் வைக்காமலே அதற்குள் கோப்புகள் நிறைந்திருக்கும். அவற்றைக் கர்னலே அங்கே தோற்றுவிக்கிறது. ‘சீகுரூப்.புரொக்ஸ்’ என்ற கோப்பில் ஒரு செயன்முறையின் எண்ணை எழுதினால் அது அந்தக் குழுவுக்குள் வந்துவிடும். அதன் பிறகு அது ஈனும் பிள்ளைச் செயன்முறைகளும் அங்கேயே பிறக்கும். நினைவகத்தை அளக்கும் கர்னல் உறுப்பான நினைவகக் கட்டுப்படுத்தி மேற்கிளையில் இயக்கப்பட்டிருந்தால் ‘மெமரி.மேக்ஸ்’ என்ற கோப்பும் அங்கே இருக்கும். அதில் எழுதிய அளவைக் குழு முட்டும்போது கர்னல் முதலில் நினைவகத்தை மீட்டெடுக்க முயலும். முடியாதபோது அந்தக் குழுவுக்குள்ளேயே ஒரு செயன்முறையை முற்றாக முடித்துவிடும். ‘சிபியு.வெயிட்’ வேறு வகை. அது உச்ச வரம்பு அன்று, பங்கின் நிறை. 1 முதல் 10000 வரை எழுதலாம், இயல்பாக இருப்பது 100. 100 உள்ள குழுவும் 300 உள்ள குழுவும் ஒரே சிபியுவுக்குப் போட்டியிட்டால் நேரம் ஒன்றுக்கு மூன்றாகப் பிரியும்.

பெயரின் வரலாறு சுருக்கமானது. 2006 இல் கூகுள் பொறியியலாளர்களான பால் மெனேஜ், ரோஹித் சேத் ஆகியோர் ‘புரொசெஸ் கன்டெய்னர்ஸ்’ என்ற பெயரில் இந்த வேலையைத் தொடங்கினார்கள். கன்டெய்னர் என்ற சொல் கர்னல் வட்டாரத்தில் ஏற்கெனவே பல பொருள்களில் வழங்கியதால் 2007 இல் பெயரை மாற்றினார்கள். 2008 ஜனவரியில் வெளிவந்த 2.6.24 பதிப்பில் புதிய பெயருடன் அது கர்னலுக்குள் சேர்ந்தது. கர்னல் உருவாக்குநர் தேஜுன் ஹோவின் மறுவடிவமைப்பான, சீகுரூப்பின் இரண்டாம் பதிப்பு 2016 இல் கர்னல் 4.5 உடன் முறையாக வெளிவந்தது.

சொல்லின் வேர் என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. கண்ட்ரோல் என்பது இடைக்கால இலத்தீனின் ‘கொன்ட்ராரோட்டுலுஸ்’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘கொன்ட்ரா’ என்றால் எதிர், ‘ரோட்டுலுஸ்’ என்றால் சுருள். மூலக் கணக்கோடு ஒப்புநோக்கிச் சரிபார்க்க வைத்திருந்த எதிர்ச்சுருள் என்பதே அதன் முதற்பொருள். அடக்குதல், கட்டுப்படுத்துதல் என்பவை பின்னால் ஏறிய பொருள்கள். தேயிலைத் தோட்டத்தில் செக்ரோல் என்று நாம் சொல்லும் வேலை, கூலிப் பதிவேட்டை நினைத்துக்கொண்டால் இது உடனே விளங்கும். கொழுந்து நிறுத்து முடிந்தபின் அன்றைக்குப் பேரா (முழுநாட் கூலி), அரைப்பேரா (அரைநாட் கூலி), கைக்காசு (மேலதிகக் கூலி) உண்டா என்பதெல்லாம் ஏட்டில் எழுதும் எழுத்தில் இருந்தது. கணக்கு இல்லாமல் வரம்பு இல்லை. சீகுரூப்பும் அவ்வாறே, குழு எவ்வளவு எடுத்தது என்று முதலில் கணக்கெடுக்கிறது. ‘மெமரி.மேக்ஸ்’ கோப்புக்குப் பக்கத்திலேயே ‘மெமரி.கரன்ட்’ இருப்பது அதனால்தான்.

தமிழில் என்ன சொல்வது? ‘தொகுதி’ தமிழகத்தில் பொருந்தலாம்; இலங்கைப் பாடநூல்களில் அது முறைமையைக் குறிப்பதால் (சமிபாட்டுத் தொகுதி) இங்கே குழப்பும். ‘கூட்டம்’ இரசாயனத்தில் ஆவர்த்தன அட்டவணையோடு நிலைத்துவிட்டது. ‘செயன்முறைக் குழு’ என்பதை நான் உறுதியாக மறுக்கிறேன், ஏனெனில் லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸில் ‘புரொசெஸ் குரூப்’ என்று வேறொன்று உண்டு: முனையத்தில் கண்ட்ரோல்-சி அழுத்தும்போது குறுக்கீட்டுச் சமிக்ஞை போய்ச் சேரும் குழு அது. வளப் பகிர்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ‘செயன்முறைக் குழு’ என்ற சொல் அதற்கே உரியது.

என் தெரிவு ‘கட்டுறு குழு’. கட்டுறுதல் என்றால் கட்டுக்கு உட்படுதல். ஆகவே இந்த வினைத்தொகை கட்டுற்ற குழு, கட்டுறுகின்ற குழு, கட்டுறும் குழு என முக்காலத்துக்கும் விரியும். யார் கட்டுப்படுத்துகிறார், யார் கட்டுப்படுகிறார் என்ற ஐயத்துக்கு இடமில்லை. வளத்தை அளக்கும் கர்னல் உறுப்பைக் ‘கட்டுப்படுத்தி’ என்றால், செய்வதும் உறுவதும் சொல்லளவிலேயே எதிரெதிராக நிற்கும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘கட்டுறுக் குழு’ என்று எழுதக்கூடாது.

இரண்டாம் பதிப்பின் ஆவணம் தொடக்கத்திலேயே பெயரை வரையறுக்கிறது: பெயரின் முதலெழுத்தைப் பேரெழுத்தாக்கக் கூடாது, பொறிமுறை முழுவதையும் சொல்லும்போது ஒருமை, தனித்தனிக் குழுக்கள் பலவற்றைக் குறிக்கும்போது மட்டும் பன்மை. முன்னது தமிழுக்குத் தேவையில்லை. பின்னது நமக்கு இயல்பாகவே கைவரும்; மலை முழுக்கக் கொழுந்து வந்தாலும் ‘கொழுந்து வந்துவிட்டது’ என்றுதானே சொல்கிறோம். ஆனால் முதற்பதிப்பின் ஆவணங்களைத் தமிழாக்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் கட்டுப்படுத்திக்குச் ‘சப்சிஸ்டம்’ என்ற பெயரும் வரும். ஒரு செயன்முறை நினைவகத்துக்கு ஒரு மரத்திலும் சிபியுவுக்கு இன்னொரு மரத்திலும் இருக்கக்கூடும். இரண்டாம் பதிப்பில் மரம் ஒன்றே. எனவே ஒவ்வொரு குறிப்பின் தலைப்பிலும் அது எந்தப் பதிப்புக்குரியது என்று இப்போது எழுதுகிறேன்; அந்த மாணவியின் கொப்பியிலும் வரையறைக்கு மேலே ‘இரண்டாம் பதிப்பு’ என்று எழுதி, ‘கட்டுப்படுத்தும்’ என்பதை அடித்துக் ‘கட்டுப்படும்’ என்று திருத்திக் கொடுத்தேன்.