நுரையீரல் பூஞ்சை ஒவ்வாமை: மாத்திரை விலைக்கு அரசு போட்ட உச்சவரம்பு

ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை மூச்சுக்குழாயில் தங்கி, கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். சளி பழுப்பு நிறக் கட்டியாக வரும், எக்ஸ்ரேயில் நிழல் தெரியும். காசநோய் என்று நினைத்து அதற்கான மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியவர்கள் நம் நாட்டில் உண்டு. மருந்துச் சீட்டில் ஏபிபிஏ என்று இருந்தால் இந்த நோய்தான்.

வைத்தியம் பெரும்பாலும் 4 மாதம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு அல்லது இட்ராகொனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து, சிலருக்கு இரண்டுமே. இட்ராகொனசோல் 200 மி.கி. காலை, இரவு என்றால் 240 காப்ஸ்யூல். வீட்டில் இருந்தபடியே சாப்பிடும் மருந்து என்பதால், மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கான காப்பீட்டு அட்டை இங்கே பெரிதாக உதவாது. கைகொடுப்பது விலைக் கட்டுப்பாடுதான்.

2022 செப்டம்பரில் வந்த தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இட்ராகொனசோல் 100, 200 மி.கி. காப்ஸ்யூல்கள் இருக்கின்றன. பட்டியலில் உள்ள மருந்துக்கு, 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தேசிய மருந்து விலை ஆணையம் உச்ச விலை வைக்கும். சந்தையில் 1 சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகளின் சராசரி விலை, அதோடு கடைக்காரருக்கு 16 சதவீதம்: இதுதான் கணக்கு. ஜிஎஸ்டி தனி. எந்தக் கம்பெனியும் இதைத் தாண்டக் கூடாது.

சிக்கல் எங்கே என்றால், 65, 130 மி.கி. என்று வரும் புது ரகக் காப்ஸ்யூல்கள் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்தின் விலையை ஆண்டுக்கு 10 சதவீதம் வரை ஏற்றலாம். அதற்காகக் கடையில் நீங்களே மாற்றி வாங்கிவிடாதீர்கள். புது ரக 65, பழைய ரக 100-க்குச் சமம். பழைய ரகத்தைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், அசிடிட்டி மாத்திரை கூடச் சேர்ந்தால் உடம்பில் சரியாகச் சேராது. சீட்டு எழுதும்போதே டாக்டரிடம், "100, 200 அளவில் எழுத முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

கடையில் விலைப் பட்டியலைக் காட்டச் சொல்லலாம், பில் கட்டாயம் வாங்குங்கள். உச்ச விலைக்கு மேல் பணம் வாங்கினால் 1800 111 255 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆணையத்திடம் சொல்லலாம். அப்புறம் ஒன்று: கம்பெனியிடம் வசூலிக்கும் கூடுதல் பணம் வட்டியோடு அரசுக் கணக்குக்குத்தான் போகும், உங்கள் கைக்கு வராது.