மண்வள அட்டை வந்தாச்சு, யூரியா எத்தனை மூட்டை?

யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. தழை, மணிச்சத்து இரண்டும் கொண்ட டிஏபி உரம் 50 கிலோ 1,350 ரூபாய். இந்த விலை வித்தியாசத்தால்தான் நெல்லுக்கு யூரியா அள்ளிப் போடப்படுகிறது, பொட்டாஷும் துத்தநாகமும் விட்டுப்போகின்றன. வயலுக்கு உண்மையில் என்ன தேவை என்று சொல்வதற்காக மத்திய அரசு 2015 பிப்ரவரியில் தொடங்கியதுதான் மண்வள அட்டைத் திட்டம்.

அட்டையில் 12 அளவுகள் இருக்கும். கார அமிலத்தன்மை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்) சத்துகள், கந்தகம், அப்புறம் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். பலரும் இந்தப் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். காசு மிச்சமாவது அதற்கடுத்த உரப் பரிந்துரையில்தான்.

ஒரு கணக்கு போடுவோம். மண் பரிசோதனை இல்லாதபோது, காவிரி டெல்டா நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் 150:50:50 கிலோ. ஏக்கருக்குத் தழைச்சத்து சுமார் 60 கிலோ. மணிச்சத்துக்காக 44 கிலோ டிஏபி போட்டால் அதிலேயே 8 கிலோ தழைச்சத்து வந்துவிடும். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம்தான் என்பதால் மீதி 52 கிலோவுக்கு 113 கிலோ யூரியா, அதாவது இரண்டரை மூட்டை. அதையும் அடியுரம், தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வரும்போது என்று பிரித்துத்தான் போட வேண்டும். வெள்ளைப் பொன்னி ரக நெல்லுக்குத் தழைச்சத்து பாதிதான், ஹெக்டேருக்கு 75 கிலோ. ஏக்கருக்கு யூரியா ஒரு மூட்டைக்குச் சற்று மேலே போதும். அதற்கும் மூன்று மூட்டை போட்டால் பயிர் சாயும், புகையான் பூச்சியும் குலைநோயும் கூடும். அட்டை இந்தப் பொது அளவை உங்கள் மண்ணுக்கேற்ப ஏற்றவோ இறக்கவோ செய்யும்.

ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: மாதிரி எந்த வயலில் எடுத்தது? திட்டம் தொடங்கியபோது பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்றுதான் வகுத்தார்கள். அது ஆறு ஏக்கருக்கும் மேல். ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்குப் பக்கத்து வயல் மண்ணின் முடிவு வந்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் நீங்களே மாதிரி எடுத்துக் கொடுப்பது நல்லது.

அறுவடை முடிந்து, எருவோ உரமோ போடுவதற்கு முன் எடுங்கள். வரப்பு ஓரம், வாய்க்கால் ஓரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் வேண்டாம். வயலில் 10, 15 இடங்களில் ஆங்கில 'வி' எழுத்துபோல 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டிச் சேருங்கள். நன்றாகக் கலந்து நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளிக்கொண்டே வந்தால் அரை கிலோ மிஞ்சும். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, பெயர், சர்வே எண், அடுத்த பயிர் எழுதி உதவி வேளாண்மை அலுவலரிடமோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ கொடுக்கலாம்.

மேலுரத்துக்கு இலை வண்ண அட்டை என்று இன்னொன்றும் உண்டு; வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் அதில் இருக்கும். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிறம் 4க்குக் கீழே போனால் மட்டும் யூரியா போடலாம்; வெள்ளைப் பொன்னிக்கு 3.