வலிப்பு மருந்தும் நரம்பு செல்லின் வகையும்

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. அவை எல்லாம் ஒரே வகை என்ற எண்ணம் பரவலாக இருப்பதை நரம்பியல் மருத்துவராக நான் அடிக்கடி காண்கிறேன்; சிகிச்சையைப் பொறுத்தவரை அந்த எண்ணம் களையப்பட வேண்டியது.

1873இல் இத்தாலிய மருத்துவர் கோல்ஜி கண்டறிந்த, நரம்பு செல்களுக்கு நிறமேற்றிக் காட்டும் வெள்ளிச் சாயமுறையும், அதைக்கொண்டு ஸ்பானிய ஆய்வாளர் கஹால் வரைந்த படங்களும் செல்களை வடிவத்தால் பிரித்தறிய வழிசெய்தன. பெருமூளைப் புறணியில் (பெருமூளையின் வெளியடுக்கில்) நீண்ட ஆக்சானை, அதாவது செய்தியைக் கடத்தும் இழையை, தொலைவுக்கு அனுப்பும் பிரமிடு செல்கள் பெரும்பான்மை. அவை பிற செல்களைத் தூண்டுபவை. பிற செல்களின் செயல்பாட்டைத் தணிக்கும், எண்ணிக்கையில் குறைந்த அடக்கும் செல்களில், கூடை செல் பிரமிடு செல்லின் உடலைச் சூழ்ந்து இணைகிறது. சாண்டிலியர் செல்லோ ஆக்சான் புறப்படும் இடத்தைத் தேடிச்சென்று பிடிக்கிறது. பின்னர் மின்துடிப்பின் வேகமும், செல்லில் இயங்கும் மரபணுக்களும் அளவுகோல்களாயின. 2023இல் வெளியான எலி மூளை வரைபடம் 5,000க்கும் மேற்பட்ட செல் தொகுதிகளைக் காட்டியது. அதை முடிவான கணக்காக நான் கொள்வதில்லை. பல வகைகள் ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் படிப்படியாக மாறுவதால், எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பது ஆய்வாளரின் முடிவையும் சார்ந்தது.

மருத்துவத்தில் இந்தப் பாகுபாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு, டிராவே நோய்க்குறி என்ற குழந்தைப் பருவக் கடும் வலிப்பு நோய் நல்ல சான்று. பெரும்பாலும் முதல் வயது நிறைவதற்குள், காய்ச்சலோடு, உடலின் ஒரு பக்கத்தில் நெடுநேரம் நீடிக்கும் வலிப்பாக அது தொடங்குகிறது. எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவின் பழுதால் ஒருவகை சோடியம் வாயில் (மின்துடிப்பு எழ, செல்லுக்குள் சோடியத்தை விடும் வழி) குறைந்துபோகிறது. அதிவேகமாகத் துடிக்கும் அடக்கும் செல்கள் அந்த வாயிலையே பெரிதும் நம்பியிருப்பதால், முதலில் தளர்வது அவைதான். தடுக்க ஆளின்றித் தூண்டும் செல்கள் கட்டுமீறுகின்றன. சோடியம் வாயிலை அடைக்கும் கார்பமசெபின், ஃபெனிட்டாய்ன் போன்ற மருந்துகள் வேறு பலருக்கு நன்மை செய்தாலும், இக்குழந்தைகளுக்கு வலிப்பை அதிகரிக்கக்கூடும்.

காய்ச்சலில் வரும் வலிப்புகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்பதால் பெற்றோர் பதற வேண்டியதில்லை. ஆனால் 5 நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு அவசரநிலை. புதிய மருந்து தொடங்கியபின் வலிப்பு கூடினால், மருந்தைத் தாமாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் தெரிவித்து, மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். குடும்பத்தில் யாருக்கும் வலிப்பு இல்லை என்று பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். டிராவே குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அந்த மரபணு மாற்றம் பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகவே தோன்றுகிறது.