லைமன் கசிவுத் திரள்: சொல் விளக்கம்

பெங்களூரு கோரமங்களாவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் பக்கம் தமிழர்கள் பேசிக்கொள்ளும்போது, 'லைமன் கண்டினியூம் லீக்கர்' என்ற சொல் சாதாரணமாக வந்து விழும். வீட்டுப் பிள்ளைகளுக்கோ ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கோ அதைச் சொல்ல நேர்ந்தால், 'புற ஊதா ஒளி கசியும் விண்மீன் திரள்' என்று முடித்துவிடுகிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பொருள் பிசகிவிடுகிறது. புதிய விண்மீன்கள் பிறக்கும் எந்தத் திரளிலிருந்தும் ஓரளவு புற ஊதா வெளியே வரும். அதன் ஒரு பகுதி மட்டும் வர வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அந்தப் பகுதியும் தப்பி வருகிற அபூர்வமான திரளுக்குத்தான் இந்தப் பெயர்.

'புற ஊதா' என்பதில் குறை ஒன்றும் இல்லை. லத்தீனில் 'அல்ட்ரா' என்றால் அப்பால். இலங்கைத் தமிழர் 'ஊதாக்கடந்த கதிர்' என்பார்கள். பெங்களூருப் பிள்ளைகள் கன்னடப் பாடத்தில் 'நேரளாதீத' என்று படிக்கிறார்கள். நேரளே என்றால் நாவல்பழம், அதன் நிறத்தைக் கடந்தது என்று பொருள். 1801-இல் ஜெர்மனியில் ரிட்டர் என்பவர் வெள்ளிக் குளோரைடு பூசிய தாளை நிறமாலையில் வைத்துப் பார்த்தார். ஊதாவுக்கு வெளியே, கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில்தான் தாள் வேகமாகக் கறுத்தது. சொல்லின் கதை அங்கே தொடங்குகிறது.

சிக்கல் அதற்கு அடுத்த படியில். ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். ஒளிக்கு அந்த ஆற்றல் இருக்க வேண்டுமானால் அதன் அலைநீளம் 91.2 நானோமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டும். விண்மீன் திரள் முழுக்க ஹைட்ரஜன்தான் நிறைந்திருக்கிறது. 150 நானோமீட்டர் ஒளி வந்தால், தூசி தடுத்தது போக மிச்சம் வெளியேறிவிடும். 80 நானோமீட்டர் ஒளி வந்தாலோ, வழியில் நிற்கும் ஹைட்ரஜன் அணு அதை விழுங்கி, எலக்ட்ரானை இழந்து அயனியாகிவிடும். ஆகவே 'புற ஊதா' என்று மட்டும் சொன்னால் இந்த 91.2 என்ற எல்லையே மறைந்துபோகிறது. 'அயனியாக்கும்' என்ற அடைமொழியை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அயனி ஒலிபெயர்ப்புதான். 1834-இல் ஃபாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்த கிரேக்கச் சொல், 'செல்வது' என்று பொருள். நாம் சொல்லும் உத்தராயணத்தில் உள்ள 'அயனம்' என்ற வடசொல்லும் செலவைக் குறிப்பதுதான். இரண்டுக்கும் வேர் ஒன்றே. அதனாலோ என்னவோ, அயனி நம் காதுக்கு அந்நியமாகப் படுவதில்லை.

லைமன் ஆளின் பெயர். ஹார்வர்டில் இருந்த தியோடர் லைமன் 1906-இல் ஹைட்ரஜனின் புற ஊதாக் கோடுகளைக் கண்டார். அந்த ஒளியைக் காற்றே உறிஞ்சிவிடும் என்பதால் வெற்றிடத்துக்குள் கருவியை வைத்துத்தான் ஆராய வேண்டியிருந்தது. கோடுகள் 121.6 நானோமீட்டரில் தொடங்கி மேலும் மேலும் நெருங்கி 91.2-இல் முடிகின்றன. அதற்குக் கீழே தனித்தனிக் கோடுகள் கிடையாது, இடைவெளி இல்லாத ஒளி மட்டுமே. அதுதான் 'கண்டினியூம்'. இதை 'லைமன் தொடர்' என்று எழுதினால் குழப்பம் வரும். அந்தக் கோடுகளின் அணியையே சிலர் லைமன் வரிசை என்றும் சிலர் லைமன் தொடர் என்றும் எழுதுகிறார்கள். ஆகவே வரிசையை வரிசையாகவே விட்டுவிட்டு, கண்டினியூமுக்கு 'தொடரொளி' என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

'லீக்கர்' என்பதற்குக் கசிவு என்ற சொல் மிகப் பொருத்தம். பெருவிண்மீன்கள் வெடித்தும் காற்றாக வீசியும் சுற்றியுள்ள வாயுவைத் துளைத்துவிடுகின்றன. பொத்தல் விழுந்த கூரையில் மழை இறங்குவதுபோல அந்தத் துளைகள் வழியாகத்தான் ஒளி வருகிறது. ஆகவே முழுப்பெயர் 'லைமன் தொடரொளி கசியும் விண்மீன் திரள்', சுருக்கமாக 'லைமன் கசிவுத் திரள்'.

இதில் பெங்களூருக்கு நேரடிப் பங்கு உண்டு. 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் என்ற இந்திய வானியல் செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கி, வான் இயற்பியல் நிறுவனத்தின் முன்னெடுப்பில் ஹொசகோட்டே வளாகத்தில் உருவானது. அது 2016 அக்டோபரில் 28 மணி நேரத்துக்கும் மேலாக வானின் ஒரு சிறு துண்டையே உற்றுப் பார்த்தது. அந்தத் தரவிலிருந்து புனேயைச் சேர்ந்த வானியலாளர் கனக் சாஹா தலைமையிலான குழு ஏயூடிஎஃப்எஸ்01 என்ற கசிவுத் திரளை 2020-இல் அறிவித்தது. அந்த ஒளி 930 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்தது. விண்வெளி விரிந்ததில் அதன் அலைநீளம் 2.42 மடங்கு நீண்டிருந்தது. தொலைநோக்கியில் பதிவானது 154 நானோமீட்டர் அளவிலான ஒளி. அதை 2.42-ஆல் வகுத்தால் 64 வரும். புறப்படும்போது அது 91.2-க்கு வெகு கீழே இருந்தது என்பது இந்த ஒரு வகுத்தலிலேயே தெரிந்துவிடுகிறது.

கடைசியாக ஒரு துணைச்சொல்: 'எஸ்கேப் ஃப்ராக்‌ஷன்'. உண்டான அயனியாக்கும் ஒளியில் எவ்வளவு பங்கு வெளியேறியது என்ற அளவு இது. 'தப்பு விகிதம்' என்று எழுதினால் பிழைக் கணக்கு என்று படித்துவிடுவார்கள். பள்ளிப் புத்தகத்தில் 'விடுபடு வேகம்' ஏற்கெனவே இருப்பதால் 'விடுபடு விகிதம்' என்றால் போதும். ஏயூடிஎஃப்எஸ்01-க்கு இது 20 விழுக்காட்டுக்கும் மேல். பேரண்டத்தின் முதல் நூறு கோடி ஆண்டுகளில் திரள்களுக்கு இடையே நிறைந்திருந்த ஹைட்ரஜனை அயனியாக்கியது யார் என்ற கேள்விக்கு இந்த எண்ணே திறவுகோல். ஆனால் அந்தப் பழந்திரள்களில் அதை நேராக அளக்க வழியில்லை. அவை கசியவிட்ட ஒளியை இடையில் உள்ள ஹைட்ரஜனே விழுங்கிவிடும். அதனால்தான் 2007-இல் தன்னார்வலர்கள் படங்களில் கண்டெடுத்த 'பச்சைப் பட்டாணி' போன்ற, நமக்கு அருகிலுள்ள சிறு திரள்களில் ஆய்வாளர்கள் விடுபடு விகிதத்தை அளந்து, பழையவற்றைக் கணிக்கிறார்கள்.