பத்து என்று எண்ணினால் மூன்றரை

கோத்தகிரிப் பக்கம் கரடியைப் பற்றிப் பேச்செடுத்தால் புகார்தான் வரும். தேயிலைத் தோட்டத்தில் நிற்கிறது, கோயில் கதவை உடைத்து விளக்கில் இருந்த எண்ணெயைக் குடித்துவிட்டது என்பார்கள். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மலைத்தொடர் முழுவதிலும் ஐந்தாறு கரடிகளே மிஞ்சியிருந்தன என்று படித்தால் நம்ப மனம் வருவதில்லை. பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலுள்ள பிரெனீ மலைகளில், 1990களின் நடுவில் பழுப்புக் கரடியின் கதி அதுதான்.

துப்பாக்கியைப் பிடுங்கி வைத்துவிட்டால் அவை தாமாகப் பெருகிவிடாதா? பெருகாமலும் போகலாம். ஐந்து குட்டிகள் பிறந்தால் ஐந்தும் ஆணாகவோ ஐந்தும் பெண்ணாகவோ அமைய பதினாறில் ஒரு வாய்ப்பு உண்டு. ஐந்நூறு கரடிகள் உள்ள காட்டில் இதை யாரும் கவனிக்கப்போவதில்லை. ஐந்து மட்டுமே உள்ள காட்டில் வம்சமே அதோடு முடியலாம். போதாக்குறைக்குப் பெண் கரடி தாயின் எல்லையை ஒட்டியே தங்கிவிடும். தொலைதூரம் அலைவது ஆண்தான். அலைந்து போய்ச் சேருமிடத்தில் பெண் இருப்பதில்லை.

1996, 1997ஆம் ஆண்டுகளில் ஸ்லோவேனியாவிலிருந்து மூன்று கரடிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். குட்டிகள் பிறந்தன, எண்ணிக்கை ஏறியது. ஆனால் பெரும்பாலான குட்டிகளுக்குத் தகப்பன் ஒன்றே: பைரோஸ் என்ற ஆண் கரடி. மற்ற ஆண்களை அது நெருங்கவிடவில்லை. பிறகு அதன் மகள்களுக்கும் அதுவே துணையானது.

பழனி மலை அடிவாரத்தில் ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கிடாயை மாற்றாதவன் பட்டி உருப்படுமா?" என்று கேட்டுவிட்டு ஆடுகளைத் திருப்பப் போய்விட்டார்.

அவர் ஒரே வாக்கியத்தில் சொன்னதை மரபியலார் கணக்காகவே போட்டு வைத்திருக்கிறார்கள். இணைசேரும் ஆண்களின் எண்ணிக்கையையும் பெண்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, அந்த இரண்டின் மொத்தத்தால் வகுக்க வேண்டும். ஓர் ஆணும் ஒன்பது பெண்களும் என்றால் முப்பத்தாறை பத்தால் வகுக்கிறோம், விடை 3.6. கண்ணுக்குத் தெரிவது பத்து. மரபு வளத்தைப் பொறுத்தவரை அது மூன்றரைதான். இந்த நிலையில் தலைமுறைக்குத் தலைமுறை மரபு வேறுபாட்டில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கரைந்துபோகும். எந்த உயிரும் சில கெட்ட மரபணுக்களைச் சுமக்கிறது. ஒரு நல்ல பிரதி கூடவே இருந்தால் பெரும்பாலும் கெட்டது தலைதூக்காது. தாயும் தகப்பனும் நெருங்கிய ரத்தம் என்றால் இருபுறமிருந்தும் அதே கெட்ட பிரதி குட்டிக்கு வந்து சேரலாம். குட்டி நோஞ்சானாகும், அல்லது தங்காது.

இந்தக் கணக்குகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 2004இல் உள்ளூர் வம்சத்தின் கடைசிப் பெண் கரடியான கன்னெல் ஒரு வேட்டைக்காரரின் குண்டுக்குப் பலியானது. அதன் பிறகு 2006இல் ஐந்து, 2016இல் ஓர் ஆண், 2018இல் இரண்டு பெண்கள் என்று புதிய ரத்தம் வந்தது. இன்று அங்கே எண்பதுக்கும் மேல்.

நம் மலையில் இந்தக் கணக்கில் சிக்கியிருப்பது கரடி அல்ல, வரையாடு. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303 வரையாடுகள் என்றதும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அது ஒரே மந்தை இல்லையே! நீலகிரியின் முக்குருத்திப் புல்வெளியில் ஒரு பகுதி, ஆனைமலையில் ஒரு பகுதி, பழனி மலைப் பாறைகளில் சிறு சிறு கூட்டங்கள். நடுவே பாலக்காட்டுக் கணவாய். வயலையும் ரயில் பாதையையும் நெடுஞ்சாலையையும் கடந்து எந்த வரையாடு வரும்? தென்மேற்குப் பருவமழைக் காலத்து இணைசேர்க்கையிலோ, முதுகில் வெள்ளிச் சேணம் விரித்ததுபோல நரைத்த முதிர்ந்த கிடாய்களின் கைதான் ஓங்கியிருக்கும். பைரோஸ் கதைதான் இங்கேயும்.

கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆட்டைப் பிடித்துக் கொண்டுவரலாமே என்பவர்கள் உண்டு. வெகுகாலம் பிரிந்து வாழ்ந்த வம்சங்களை அவசரப்பட்டுக் கலப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே மலைக்குள் துண்டுபட்ட புல்வெளிகளை இணைப்பதுதான் முதல் வேலை. அங்கே குறுக்கே நிற்பவை வெளிநாட்டிலிருந்து வந்த கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்). சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கக்கூடியது. மரத்தை வெட்டி முடித்த சரிவில் அடுத்த மழைக்கே முளைத்து நிற்கும். பிடுங்க ஆள் வேண்டும், மறுவருடமும் வேண்டும்.